மரவாழைக்கு யார் சொந்தம்? ஆர்க்கிட்டும் டிஎன்ஏவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமுளிக்குப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவன் நான். தாவரவியல் படித்துவிட்டு, மரவாழை என்று ஊரில் சொல்லும் ஆர்க்கிட்டுகளின் உறவை டிஎன்ஏவில் தேடுகிறவர்களுக்கு இலை மாதிரி எடுத்துக் கொடுக்க மலையேறுகிறேன். தமிழ்நாட்டுப் பக்கம் மேகமலை, கேரளப் பக்கம் இடுக்கி என்று இரண்டு சரிவிலும் அலைந்ததில் ஒன்று தெரிந்தது: கம்பத்திலிருந்து காலை ஜீப்பில் வேலைக்கு வரும் அக்காமார் முதல் கல்லூரி மாணவர்கள் வரை எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். எளியவை முதலில், தலையைச் சொறிய வைப்பவை பின்னால்.

"மரத்தைப் பிடிச்சுக்கிட்டு வளருதே, இது புல்லுருவிதானே தம்பி? வெட்டி எறியாம எதுக்குப் படம் எடுக்கிறீங்க?"

புல்லுருவி இல்லை அக்கா. புல்லுருவி மரத்தின் பட்டையைத் துளைத்து உள்ளே வேரை இறக்கி, மரத்தின் நீரை உறிஞ்சிக் குடிக்கும். ஆர்க்கிட் பட்டையின் மேலே உட்கார்ந்திருப்பதோடு சரி. அதன் வேரைத் தொட்டுப் பாருங்கள், வெள்ளையாகப் பஞ்சு போல ஓர் உறை இருக்கும். மழையையும் மூடுபனியையும் அந்த உறை பிடித்து வைத்துக்கொள்ளும். மழை பட்டதும் வெள்ளை வேர் பச்சையாக மாறுவதை ஐந்து நிமிடத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். நிழல் மரத்துக் கொப்பைக் கழிக்கும்போது இது ஒட்டியிருந்தால் கொப்போடு எடுத்துப் பக்கத்து மரத்தின் கவட்டில் வைத்துவிடுங்கள், பிழைத்துக்கொள்ளும்.

"மலையாளத்துக்காரங்க 'மரவாழ'ங்கிறாங்க, நாமளும் மரவாழைன்னுதான் சொல்றோம். அப்ப வாழைக்குச் சொந்தமா?"

பெயரில் மட்டும்தான் வாழை. மரபணுக்களை ஒப்பிட்டதில் ஆர்க்கிட் குடும்பம் போய் நின்ற இடம் வேறு: வெங்காயம், பூண்டு, கற்றாழை, தண்ணீர்விட்டான் கிழங்கு எல்லாம் இருக்கும் அஸ்பராகேலிஸ் என்ற பெரிய வகுப்பு. அந்த வகுப்பிலும் மற்ற எல்லாரையும் விட்டு முதலில் தனிக்குடித்தனம் போன கிளை இதுதான். சாம்பாரில் மிதக்கும் சின்ன வெங்காயமும் கொப்பில் தொங்கும் பூவும் தூரத்துப் பங்காளிகள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

குடும்பம் பெரிது. உலகத்தில் சுமார் 28,000 சிற்றினங்கள், இந்தியாவில் மட்டும் 1,250-ஐ ஒட்டி. இவ்வளவையும் ஐந்து துணைக்குடும்பங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: அபோஸ்டேசியா வகை, வனிலா வகை, செருப்புப் பூ வகை, பெரும்பாலும் தரையில் வளரும் ஆர்க்கிட் வகை, நம் மரங்களில் தொங்குகிறவற்றில் மிகப் பெரும்பாலானவை சேர்ந்த எபிடென்ட்ரம் வகை. பிரிந்த வரிசையும் இதுதான். கடைசி இரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கம்.

"வனிலாவும் ஆர்க்கிட்டா? எங்க அப்பா அதுல காசை விட்டாரே!"

ஆர்க்கிட்தான். 2000-களின் தொடக்கத்தில் விலை ஏறியபோது மிளகுக் கொடியைப் பிடுங்கிவிட்டு வனிலா நட்ட குடும்பங்கள் இடுக்கியில் ஏராளம். சில வருடத்தில் விலை விழுந்தது, கொடி மட்டும் வேலியில் மிச்சம். மெக்சிகோவின் செடி இது. நம் ஊரில் இதன் பூவுக்கு வேலை செய்யும் தேனீ இல்லாததால் காலையில் ஒவ்வொரு பூவாகக் குச்சியால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அந்த வித்தையை 1841-இல் ரீயூனியன் தீவில் கண்டுபிடித்தது எட்மண்ட் ஆல்பியஸ் என்ற, அப்போது 12 வயதே ஆன அடிமைச் சிறுவன்.

வனிலாவைப் பற்றி மேலும் இரண்டு இடத்தில் பேச வேண்டியிருக்கிறது. உறவு தேடும் வேலையின் சிக்கல் எல்லாம் இந்த ஒரு கொடியில் அடங்கிவிடும்.

"பூவைப் பார்த்தாலே எந்த ஜாதின்னு தெரியாதா சார்? இருநூறு வருஷமா அப்படித்தானே சொன்னாங்க?"

இன்றும் மலையில் நான் அடையாளம் சொல்வது பூவைப் பார்த்துத்தான். அடையாளத்துக்குப் பூ போதும். உறவுக்குத்தான் போதாது. ஆர்க்கிட்டின் பூ அதைத் தேடி வரும் பூச்சிக்கு ஏற்ற மாதிரி வளைந்து கொடுக்கிற உறுப்பு. தூரத்துச் சொந்தங்கள் இரண்டும் ஒரே வகை ஈயை நம்பி வாழ்ந்தால் காலப்போக்கில் இரண்டின் பூவும் ஒரே சாயலுக்கு வந்துவிடும். கூடப் பிறந்தவை இரண்டில் ஒன்று தேனீயையும் மற்றது பறவையையும் நம்பினால் அடையாளமே தெரியாமல் பிரிந்துவிடும். பூவின் முகத்தைப் பார்த்து உறவு சொன்னால் பல நேரம் பூச்சியின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருப்போம்.

பூ மட்டுமில்லை, உடம்பும் ஏமாற்றும். தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காட்டில் இலையே இல்லாத வனிலா ஒன்று இருக்கிறது, வனிலா வாக்கரியே என்று பெயர். கள்ளி மாதிரி பச்சைத் தண்டாகக் கொடி ஓடும், அந்தத் தண்டே இலையின் வேலையைப் பார்க்கும். ஆப்பிரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் இதே மாதிரி இலையில்லாத வனிலாக்கள் உண்டு. எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றுதான் யாருக்கும் தோன்றும். மரபணு அப்படிச் சொல்லவில்லை. வறட்சிக்கு இலையைத் துறப்பது வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே, ஒன்றுக்கும் மேற்பட்ட முறை நடந்திருக்கிறது.

"டிஎன்ஏல அப்படி என்னதான் எழுதியிருக்கு? அதை வச்சு சொந்தம் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

நாலே எழுத்து: ஏ, டி, ஜி, சி. ஒவ்வொரு தலைமுறையும் இதைப் படியெடுத்து அடுத்ததற்குக் கொடுக்கிறது. படியெடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து பிழையாகும். அந்தப் பிழை அதற்குப் பின் வரும் எல்லாப் படிகளிலும் தொடரும்.

ஓலைச்சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். உ.வே.சா. ஒரே நூலுக்குப் பல ஊர்ச் சுவடிகளைச் சேர்த்து ஒப்பிட்டார் அல்லவா? ஐந்து சுவடியில் இரண்டில் மட்டும் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அந்த இரண்டும் ஒரே மூல ஓலையைப் பார்த்து எழுதப்பட்டவை என்று ஊகிக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது பிழையான இடத்தைத்தான். எல்லாச் சுவடியிலும் சரியாக இருக்கும் வரி யாருக்கு யார் நெருக்கம் என்று எதையும் சொல்லாது. செடியிலும் அதே கணக்கு. எல்லாவற்றிலும் ஒரே எழுத்தாக இருக்கும் இடத்தால் பயனில்லை. சில செடிகள் மட்டும் பகிர்ந்துகொள்ளும் மாற்றங்கள்தான் உறவைக் காட்டும்.

எது மூல எழுத்து, எது பிற்பாடு வந்த மாற்றம் என்று தெரிய வெளியாள் ஒருவர் வேண்டும். வாண்டா பேரினத்தை ஆராய்ந்தால் வாண்டா அல்லாத ஆர்க்கிட் ஒன்றையும் சேர்த்துப் படிப்பார்கள். மாணவர்கள் இதை மறந்துவிட்டு, உறவுகளை மரக்கிளை மாதிரி வரைந்து காட்டும் கிளைப்படத்துக்கு வேர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் முழிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"செடியையே பிடுங்கிட்டுப் போயிடுவீங்களா?"

இல்லை. கட்டைவிரல் நகமளவு இலைத் துண்டு போதும். துடைத்து, காபி வடிகட்டும் தாள் மாதிரியான பையில் போட்டு, சிலிக்கா ஜெல் நிறைந்த ஜிப் உறைக்குள் வைப்போம். புது செருப்புப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாகக் கிடக்குமே, அதே சரக்கு. இலை சீக்கிரம் காய வேண்டும். மெதுவாகக் காய்ந்தால் டிஎன்ஏ உடைந்து துண்டு துண்டாகிவிடும். நீல நிற மணிகள் ஈரம் ஏறினால் ரோஸ் நிறமாக மாறும், அப்போது மாற்றிவிட வேண்டும்.

ஒரு ஆடி மாதம் நான் மாற்றவில்லை. நாலு நாள் விடாத மழை, தங்கிய வீட்டில் கரண்ட் இல்லை, பையைத் திறந்து பார்க்கச் சோம்பல். ஐந்தாம் நாள் திறந்தால் மணியெல்லாம் ரோஸ், இலையெல்லாம் கறுப்பு, மூக்கைப் பொத்தும் வாடை. பதினோரு மாதிரிகள் வீண். ஆர்க்கிட் இலை தடிமனானது, தண்ணீர்ச் சத்து அதிகம் என்பதால் சிலிக்கா இரண்டு மடங்கு போடு என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

இலையோடு, அனுமதி இருந்தால், ஒரு பூங்கொத்தையும் அழுத்திக் காயவைத்து உலர்தாவரக் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டலக் காப்பகம் இருக்கிறது. பத்து வருடம் கழித்து யாராவது 'அது அந்தச் செடிதானா' என்று கேட்டால் எடுத்துக் காட்ட அந்தத் தாள் வேண்டும். தாள் இல்லாத டிஎன்ஏ, கையெழுத்தில்லாத பத்திரம் மாதிரி.

"லேப்ல என்ன பண்றாங்க?"

காய்ந்த இலையைத் திரவ நைட்ரஜன் ஊற்றிப் பொடியாக இடிப்பார்கள். சுடுகரைசலில் ஊறவைத்து, குளோரோஃபாம் சேர்த்துச் சுழற்றி, மேலே தெளியும் நீரில் குளிர்ந்த ஆல்கஹால் விட்டால் டிஎன்ஏ வெள்ளை நூலாகத் திரண்டு வரும். ஆர்க்கிட்டில் இதில் ஒரு தொல்லை: வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு. அந்தப் பசையும் டிஎன்ஏவோடு கூடவே வந்து அடுத்த வேலையைக் கெடுக்கும். அதனால் ஒன்றுக்கு இரண்டு முறை கழுவுவார்கள்.

அப்புறம் பிசிஆர். 95 டிகிரியில் இரட்டை இழையைப் பிரித்து, 50-55 டிகிரிக்கு இறக்கித் தேவையான பகுதியின் இரு முனையிலும் தொடக்கத் துண்டுகள் என்ற சின்ன டிஎன்ஏ துண்டுகளை ஒட்டவைத்து, 72 டிகிரியில் நகலெடுப்பது. இப்படி 30-35 சுற்று. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிக் கோடிக்கணக்கில் பெருகிய பிறகு எழுத்தெழுத்தாகப் படிக்க இயந்திரத்துக்குப் போகும்.

"இலையை அனுப்பினா 'இது பூஞ்சை'ன்னு ரிசல்ட் வந்துச்சு. லேப்ல மாத்திட்டாங்களா?"

இதைக் கேட்ட மாணவி அழாத குறை. லேப்பைத் திட்டுவதற்கு முன் ஒரு விஷயம்: ஆர்க்கிட்டுக்குள் பூஞ்சை இருப்பது இயற்கை. தூசி மாதிரி இருக்கும் இதன் விதையில் சேமித்த உணவு கிடையாது. பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். வளர்ந்த பிறகும் வேரிலும் இலையிலும் பூஞ்சைகள் குடியிருக்கும்.

இப்போது அந்த மாணவி படித்த பகுதிக்கு வருவோம். ஐடிஎஸ் என்று பெயர், செல்லின் உட்கருவில் இருப்பது, ஆர்க்கிட் உறவு தேடுகிறவர்கள் மிக அதிகமாகப் பயன்படுத்துவது. ஆனால் ஐடிஎஸ் பூஞ்சைக்கும் உண்டு. பொதுவாகப் பயன்படுத்தும் தொடக்கத் துண்டுகள் இரண்டிலும் ஒட்டும். இலையில் டிஎன்ஏ உடைந்திருந்தால் பூஞ்சையின் பகுதி முந்திக்கொண்டு பெருகிவிடும். எனவே எழுத்து வரிசை கையில் வந்ததும் கிளைப்படம் போடாமல், ஜீன்பேங்க் என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பது முதல் வேலை. ஜீன்பேங்கிலும் தப்புப் பெயரில் ஏற்றிய வரிசைகள் உண்டு. முதல் வரியில் வரும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளாமல் முதல் பத்தையும் பாருங்கள்.

"ஒரு ஜீனைப் படிச்சா போதாதா? எதுக்கு இத்தனை?"

ஆரம்பத்தில் ஒன்றோடுதான் தொடங்கினார்கள். இலையின் பச்சைக்குக் காரணமான குளோரோபிளாஸ்ட்டில் (பசுங்கணிகத்தில்) உள்ள ஆர்பிசிஎல் என்ற மரபணுவை வைத்து 1990-களின் இறுதியில் குடும்பத்தின் பெரும் கிளைகள் தெளிவாயின. அது மெதுவாக மாறும் மரபணு. துணைக்குடும்பங்களைப் பிரிக்கும், பக்கத்துப் பக்கத்துச் சிற்றினங்களைப் பிரிக்காது. மேட்கே என்ற இன்னொரு குளோரோபிளாஸ்ட் மரபணு அதைவிட வேகமாக மாறும். 2009-இல் தாவரங்களுக்கு இனத்தை அடையாளம் சொல்லும் பார்கோடு என்று உலக அளவில் பரிந்துரைத்தது இந்த இரண்டையும் சேர்த்துத்தான். ஐடிஎஸ் இன்னும் வேகம். பாட்டன் காலத்துக் கதை கேட்க ஒருவர், போன வருடக் கதை கேட்க இன்னொருவர் என்று ஊரில் ஆள் மாற்றிக் கேட்பதில்லையா, அதுபோல.

இப்போது நிலைமை மாறிவிட்டது. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தார் 2019-இல் எல்லாப் பூக்கும் தாவரங்களுக்கும் பொதுவான 353 உட்கரு மரபணுக்களை ஒரே வீச்சில் பிடித்துப் படிக்கும் முறையை வெளியிட்டார்கள். உடைந்த டிஎன்ஏவிலும் வேலை செய்யும் என்பதால் நூறு வருடம் பழைய உலர்தாவரத் தாளில் இருந்துகூடப் படிக்கலாம். முழு மரபுத்தொகுதியும், அதாவது ஒரு செடியின் டிஎன்ஏ மொத்தமும், சிலவற்றுக்கு வந்துவிட்டது. ஆர்க்கிட்டில் முதலாவது, பூக்கடைகளில் விற்கும் ஃபெலனாப்சிஸின் காட்டு இனம் ஒன்று. 2015-இல் வெளியானது.

"ரெண்டு ஜீன் ரெண்டு கதை சொன்னா எதை நம்பறது?"

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. முதலில் குளோரோபிளாஸ்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆர்க்கிட்டுகளில் அது தாய்ச்செடியிடமிருந்து மட்டும் வரும். மலையாளிகளின் பழைய தறவாட்டில் மருமக்கத்தாயம் இருந்ததே, வீடும் பெயரும் அம்மா வழியாகவே இறங்கும். அந்தத் தறவாட்டுக் கணக்கை மட்டும் படித்தால் அப்பா எந்த ஊர் என்று கடைசிவரை தெரியாது. குளோரோபிளாஸ்ட் மரபணுவும் அப்படி. உட்கருதான் இருவர் வீட்டுக் கதையையும் சொல்லும்.

டஹிட்டி வனிலா நல்ல உதாரணம். தனி மணத்தோடு தனிச் சிற்றினமாக எண்ணப்பட்ட செடி, ஆனால் காட்டில் எங்கும் கிடைக்கவில்லை. குளோரோபிளாஸ்ட்டைப் படித்தால் நம் அப்பாக்கள் நட்ட அதே மெக்சிகோ வனிலா. உட்கருவில் ஐடிஎஸ்ஸைப் படித்தால் அதில் வனிலா ஓடொராட்டா என்ற மத்திய அமெரிக்க இனமும் கலந்திருந்தது. அம்மா ஒருவர், அப்பா ஒருவர், பிள்ளை கலப்பு. 2008-இல் இப்படி முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு மரபணுவில் எது பொய் சொன்னது என்று கேட்டால் எதுவுமில்லை. இரண்டும் வேறு வேறு ஆளின் கதையைச் சொன்னது, அவ்வளவுதான்.

கலப்பே நடக்காமலும் கதைகள் மாறலாம். பாட்டியிடம் ஒரு காசுமாலையும் ஒரு அட்டிகையும் இருந்தன. மகள்களுக்கும் பேத்திகளுக்கும் கைமாறி, கடைசியில் ஒன்றுவிட்ட சகோதரிகள் இருவரிடம் காசுமாலை, கூடப் பிறந்தவளிடம் அட்டிகை என்று முடியலாம். நகையை மட்டும் பார்த்தால் உறவு தலைகீழாகத் தெரியும். மூதாதையிடம் ஒரு மரபணுவுக்கு இரண்டு வடிவம் இருந்து, கிளைகள் குறுகிய காலத்தில் அடுத்தடுத்துப் பிரிந்தால் இதுதான் நடக்கும். ஆர்க்கிட்டில் இது சர்வசாதாரணம். அதனால்தான் நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கேட்டு, பெரும்பான்மை எந்தப் பக்கம் என்று பார்ப்பது.

"கிளைப்படத்துல ஒவ்வொரு கிளைக்கும் 98, 100னு போட்டிருக்கே. மார்க்கா?"

மார்க் மாதிரி படித்துவிட்டுத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எழுத்து வரிசையில் உள்ள இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல மறுபடி மறுபடி எடுத்து, ஆயிரம் தடவை கிளைப்படம் வரைவார்கள். அதில் அந்தக் கிளை நூற்றுக்கு எத்தனை தடவை வந்தது என்பதே அந்த எண். 55 என்றால் அந்தக் கிளையை மறந்துவிடுங்கள். 98 என்றால் தரவு உறுதியாக ஒரே பேச்சைப் பேசுகிறது.

உறுதியான பேச்சு உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தறவாட்டுக் கணக்கு மட்டும் கையில் இருந்தால் அப்பாவைப் பற்றிய தப்பான முடிவுக்கும் 100 விழும். தரவு மிகப் பெரிதானால் எல்லாக் கிளைக்கும் 100 வந்துவிடுகிறது. அதனால் இப்போது 'எத்தனை மரபணுக்கள் தனித்தனியே இந்தக் கிளையை ஒப்புக்கொள்கின்றன' என்றும் கேட்கிறார்கள். அந்த எண் 30, 40 என்று இறங்கி நிற்கும், பார்க்கவே அடக்கமாக இருக்கும்.

"படத்துல அபோஸ்டேசியாதான் அடியில இருக்கு. அப்ப எல்லா ஆர்க்கிட்டுக்கும் அதுதானே பாட்டி?"

பாட்டி இல்லை, ஒன்றுவிட்ட சகோதரி. அபோஸ்டேசியா கிளை மற்ற எல்லாவற்றையும் விட்டு முதலில் பிரிந்தது, அது சரி. பிரிந்த பிறகு நம்முடைய மரவாழை எத்தனை கோடி வருடம் மாறியதோ, அதே கோடி வருடம் அதுவும் மாறித்தான் இன்று நிற்கிறது. அதன் பூவில் உதடு என்று சொல்லும் இதழ் தனியாகத் தெரியாது, மகரந்தம் உருண்டையாகத் திரளாது என்பதால் பழசு என்று தோன்றுகிறது. 2017-இல் அதன் முழு மரபுத்தொகுதியைப் படித்தபோது, எல்லா ஆர்க்கிட்டுக்கும் பொதுவான மூதாதையிடம் ஒரு முறை மரபுத்தொகுதி முழுவதும் இரட்டிப்பானது தெரியவந்தது. அதற்குப் பின் அபோஸ்டேசியா சில மரபணுக்களை இழந்திருக்கிறது. எளிமையாகத் தெரிவது எல்லாம் ஆதியிலிருந்தே எளிமையாக இருந்தது என்று கொள்ள முடியாது.

கிளைப்படத்தில் மேல், கீழ் என்பதற்கும் அர்த்தமில்லை. கிளை பிரியும் கணுவைப் பிடித்துத் தொட்டில் பொம்மை மாதிரி திருப்பினாலும் உறவு மாறாது.

"பேரை ஏன் சும்மா சும்மா மாத்துறாங்க? எழுதி வச்ச லேபிளெல்லாம் வீணாப் போச்சு."

எரிச்சல் நியாயமானது, எனக்கும் உண்டு. ஒரு பேரினம் என்றால் ஒரு மூதாதையும் அதன் அத்தனை வாரிசும் சேர்ந்தது என்பது இப்போதைய விதி. மூத்த மகனையும் இளைய மகனையும் சேர்த்து, நடு மகனை மட்டும் வேறு வீட்டுப் பெயரில் எழுதக் கூடாது. மரபணு வந்த பிறகு இப்படி நடு மகனைத் தள்ளிவைத்த பேரினங்கள் வரிசையாக வெளிப்பட்டன. நம் கொப்புகளில் சரம் தொங்கும் ஃபோலிடோட்டா இம்ப்ரிகேட்டா 2021-இல் சீலோஜினி பேரினத்துக்குள் போய்விட்டது. ஃப்ளிக்கிஞ்சேரியா டென்ட்ரோபியமாகிவிட்டது. ஆஸ்கோசென்ட்ரம் வாண்டாவுக்குள் போனதால், இரண்டையும் கலந்து உண்டாக்கி நர்சரிகளில் 'ஆஸ்கோசென்டா' என்று விற்கிறார்களே, அதுவும் வெறும் வாண்டாதான். நர்சரிக்காரர்கள் கேட்பதாக இல்லை.

சேர்ப்பதா, அல்லது சின்னச் சின்னதாகப் பிரிப்பதா என்பதை மரபணு சொல்லாது. அது மனிதர் முடிவு, அதில் சண்டையும் உண்டு. என் கட்சி, சேர்ப்பது. லேபிளில் பென்சிலால் எழுதுங்கள்.

"ஜீவந்தின்னு வைத்தியர் கேட்கிறாரு. அது ஆர்க்கிட்டா, கொடியா?"

கேரளத்து வைத்தியத்தில் ஜீவந்தி என்றால் அடபதியன் கொடி, எருக்கு வகையறா. வேறு பகுதிகளில் அதே பெயரில் மேலே சொன்ன ஃப்ளிக்கிஞ்சேரியா ஆர்க்கிட் விற்கிறது. காய்ந்து பொடியானபின் கண்ணால் பிரிக்க முடியாது, பார்கோடு மரபணுவால் முடியும். ஆர்க்கிட்டும் எருக்கும் அவ்வளவு தூரம் என்பதால் மெதுவாக மாறும் ஆர்பிசிஎல்லே இதற்குப் போதும்.

"பச்சையே இல்லாத ஆர்க்கிட்டுக்குக் குளோரோபிளாஸ்ட் ஜீன் எங்கிருந்து வரும்?"

நல்ல மடக்கு. எபிபோஜியம் ரோசியம் என்று ஒன்று மழைக்காலத்தில் மக்கிய இலைக்குள்ளிருந்து சட்டென்று வெள்ளையாக எழும்பும், சில நாளில் காணாமல் போகும். இலை இல்லை, பச்சை இல்லை, சாப்பாடு முழுக்கப் பூஞ்சை போடுவது. சாதாரணத் தாவரத்தின் குளோரோபிளாஸ்ட்டில் டிஎன்ஏ ஏறக்குறைய 1,50,000 எழுத்து நீளம். இதற்கு 19,000 மட்டுமே. சூரிய ஒளியில் சமைக்கத் தேவையான மரபணுக்கள் மொத்தமும் போய்விட்டன, ஆர்பிசிஎல் உட்பட. மிச்சம் இருப்பவையும் தறிகெட்ட வேகத்தில் மாறுவதால் கிளைப்படத்தில் இது எங்கேயாவது தவறான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இதற்கு உட்கரு மரபணுக்களைத்தான் நம்ப வேண்டும்.

"ஆர்க்கிட் எத்தனை வருஷப் பழசு? புதைபடிவம் கிடைச்சிருக்கா?"

குறைவு. மென்மையான செடி, மகரந்தமும் காற்றில் பறக்காது. ஆனால் ஒரு தேனீ கைகொடுத்தது. டொமினிக்கன் குடியரசில் கிடைத்த அம்பரில், அதாவது கல்லாக இறுகிய பழைய மரப்பிசினில், நம் கொசுத்தேனீக்குச் சொந்தமான ஒரு கொடுக்கில்லாத தேனீ சிக்கியிருந்தது. முதுகில் ஆர்க்கிட்டின் மகரந்தத் திரள் அப்படியே ஒட்டியபடி. வயது 1.5 முதல் 2 கோடி வருடம். அதை அளவுகோலாக வைத்து 2007-இல் கணக்கிட்டபோது இன்றைய ஆர்க்கிட்டுகளின் பொது மூதாதை 7.6 முதல் 8.4 கோடி வருடத்துக்கு முன் வாழ்ந்தது என்று வந்தது, டைனோசர் காலம். 2015-இல் குளோரோபிளாஸ்ட் மரபணுக்களை வைத்து வேறொரு குழு சுமார் 11 கோடி என்றது. 2024-இல் உட்கரு மரபணுக்களைக் கொண்டு மறுபடி சுமார் 8.3 கோடி. மரபணு வெறும் வேறுபாட்டை எண்ணும். அதை வருடமாக்க எந்தப் படிவத்தை எந்தக் கணுவில் வைக்கிறோம் என்பதில்தான் இந்த வித்தியாசம்.

"அகத்தியமலைச் செருப்புப் பூவுக்குச் சொந்தக்காரங்க யாருமே பக்கத்துல இல்லையாமே?"

ஆமாம். பாஃபியோபெடிலம் டுரூரியை, மஞ்சளில் பழுப்புக் கோடு போட்ட பூ. 1865-இல் கர்னல் டுரூரி கண்டது. தமிழ்நாடு-கேரள எல்லையில் அகத்தியமலைப் பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லை. தீபகற்ப இந்தியாவிலோ இலங்கையிலோ அந்தப் பேரினத்தில் வேறு ஆளே கிடையாது. கிளைப்படத்தில் அது போய் நிற்பது இமயமலையடிவாரம், தென்கிழக்கு ஆசியா பக்கத்து இனங்களோடு. நடுவில் ஈராயிரம் கிலோமீட்டர்.

எப்படி வந்தது என்பதற்கு இரண்டு வாதம். தூசி விதை காற்றில் வரும்: 1883-இல் வெடித்துச் சாம்பலான கிரக்கடோவா தீவில் பதினைந்து வருடத்துக்குள் ஆர்க்கிட் முளைத்திருந்தது. அல்லது ஈரமான காலத்தில் தொடர்ச்சியாக இருந்த காடு வறண்டு சுருங்கியபோது நடுவில் இருந்தவை அழிந்து, ஓரத்தில் இது மட்டும் தங்கியது. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். விதை பறந்தாலும் அதை முளைக்கவைக்கும் பூஞ்சை அங்கே காத்திருக்க வேண்டுமே. வந்த வழி எதுவானாலும், பூ வியாபாரத்துக்காகக் கூடை கூடையாகப் பிடுங்கியதில் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது.

"எங்க தோட்டத்துல புதுசா ஒண்ணு பார்த்தேன் அண்ணே. இலையை நானே அனுப்பட்டுமா?"

காட்டுச் செடி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் இலையைக்கூடக் கிள்ளாதீர்கள். நம் எல்லையில் இன்னொரு கூத்து: ஒரே மரத்தின் இந்தக் கொப்பு தேனி மாவட்டம், அந்தக் கொப்பு இடுக்கி. இரண்டு வனத்துறை, இரண்டு மனு. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற, எல்லா ஆர்க்கிட்டுக்கும் பொருந்தும் சைட்டிஸ் ஒப்பந்த அனுமதியும் வேண்டும். டஹிட்டி வனிலா கதையைக் கேட்டுவிட்டு நர்சரியில் வாங்கிய கலப்பினத்துக்கு அப்பா அம்மா தேடிக் கொடுங்கள் என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: நாலைந்து தலைமுறை கலந்த செடி அது, செலவுதான் மிச்சம்.

உங்கள் சொந்தத் தோட்டத்து மரம் என்றால் முதலில் படம் எடுத்து அனுப்புங்கள். பூ முன்பக்கம், பக்கவாட்டு, உதட்டின் உள்பக்கம், இலை நுனி, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து. எந்த மரம், எத்தனை அடி உயரம், எந்தத் தேதி என்றும் எழுதுங்கள். இலையை மட்டும் எடுத்து அனுப்பினால் 'பூக்கட்டும், பார்ப்போம்' என்றுதான் பதில் வரும். அதற்கு அடுத்த சித்திரைவரை காத்திருந்தவர்களும் உண்டு.